சுப்புத்தாய்க்குப் போட்ட நாற்காலி

மனித மனம் ஆழம் காண முடியாத பெருங்கடல். அந்தக் கடலைத் திறக்கும் சாவி உலகத்தில் ஏழே பேரிடம்தான் இருக்கிறது. அந்த எழுவரில் ஒருவர், இதோ, உங்கள் முன்னால்!

ஒவ்வொரு வாரமும் நிகழ்ச்சி இந்த முழக்கத்தோடுதான் தொடங்கும். கடலுக்கு எதற்குச் சாவி என்று ஒருவரும் கேட்டதில்லை. திண்டுக்கல்லில் சாவி என்று எதைச் சொன்னாலும் ஒரு மதிப்பு உண்டு. மற்ற ஆறு பேர் யார் யார் என்பது வசனத்தை எழுதிய இருதயநாதனுக்கே தெரியாது. ஏழாவது ஆள் தான்தான் என்பது மட்டும் தெரியும்.

இருதயநாதன் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். டிராயிங் பீரியடு என்பது கணக்கு வாத்தியாரும் சயின்ஸ் வாத்தியாரும் பாடம் முடிக்கப் பிடுங்கிக்கொள்வதற்கென்றே டைம்டேபிளில் போட்டு வைத்த ஒன்று. பிடுங்கியது போக மிஞ்சிய நாட்களில் அவர் "உக்காருங்கடா" என்றால் பையன்கள் நின்றார்கள். "நில்லுங்கடா" என்றால் ஓடினார்கள். பென்ஷன் வாங்கும்வரை அவர் சொல்லி ஒருவனும் ஒரு யானை வரைந்ததில்லை.

மனைவி புஷ்பமேரி, பேத்தி பிறந்தபோது ஒத்தாசைக்கென்று ஓசூரில் மகன் ஜெரின் வீட்டுக்குப் போனவர். பேத்தி இப்போது வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள். பாட்டி இன்னும் திரும்பவில்லை. சாயங்காலம் இருதயநாதன் போன் செய்தால் புஷ்பமேரி ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்துவிடுவார். இவர் பேசப் பேச அங்கே குழாய் ஓடும், குக்கர் கத்தும். நடுநடுவே "ம்" என்று ஒரு குரல் வரும். இவர் பேச்சை நிறுத்திய பிறகும் அந்த "ம்" வந்துகொண்டிருக்கும்.

நாகல்நகரில் மாடி வீடு. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு இரும்பு மடக்கு நாற்காலி. ஆள் வராத வீட்டுக்கு ஒரு நாற்காலி போதும். முழங்கால் வலியால் தரையில் உட்கார முடியாது. கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்பது புஷ்பமேரியின் சட்டம். போட்டவர் ஊரில் இல்லை என்றாலும் சட்டம் அமலில் இருந்தது.

இப்படிப்பட்டவரைத்தான் பிரபு 'மனோவசிய மாமன்னர்' ஆக்கினான். பிரபு ஓர் உள்ளூர் கேபிள் சானலின் முதலாளி. கேமராமேனும் எடிட்டரும் விளம்பரம் பிடிப்பவனும் அவனே. நிகழ்ச்சியின் பெயர் 'கண்ணை மூடு, பரிசைத் தேடு'. ஐந்து நாற்காலி, ஐந்து போட்டியாளர். மாஸ்டர் கறுப்புக் கோட்டில் வந்து கையை ஆட்டினால் ஐவரும் தலையைச் சாய்ப்பார்கள். பச்சை வெங்காயத்தைக் கொடுத்து ஆப்பிள் என்பார். கடித்துத் தின்ன வேண்டும். குக்கரைக் கொடுத்துக் குழந்தை என்பார், தாலாட்ட வேண்டும். சிரித்தவர் அவுட், கண் திறந்தவர் அவுட். கடைசிவரை தூங்கியவருக்கு அந்தக் குழந்தையே பரிசு.

கடைசிவரை தூங்கப்போவது யார் என்பதைக் காலையிலேயே டீக்கடையில் பேசி முடித்துவிடுவார்கள். மாமன்னர் தம் வாழ்நாளில் ஒருவரையும் வசியம் செய்ததில்லை. அவர் சொடக்குப் போட்டால் சத்தம்கூட வராது. அதைப் பிரபு கம்ப்யூட்டரில் சேர்த்துவிடுவான்.

இருந்தும் கோட்டை மாட்டும் ஒவ்வொரு முறையும் அவருக்குள் ஒரு ஆசை எட்டிப்பார்க்கும். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தடவை, நடிக்காமல் தன் சொல்லைக் கேட்டுவிட மாட்டாரா?

அந்த வியாழக்கிழமை மத்தியானமும் வழக்கம்போல டிவிஎஸ் ஃபிப்டியின் பின்னால் தன் நாற்காலியை மடித்துக் கட்டிக்கொண்டு வத்தலக்குண்டு ரோட்டிலிருந்த குடோனுக்கு வந்தார். சானலிடம் நாலு நாற்காலிதான் இருந்தது. ஐந்தாவது இவருடையது. முதுகில் 'இ.நா.' என்று பச்சைப் பெயின்டில் அவரே அழகாக எழுதியிருந்தார்.

அது ஒரு காலத்தில் புகையிலைக் குடோன். வெளிச்சம் பட்டால் இலை கெட்டுவிடும் என்று ஜன்னலே வைக்காமல் கட்டியது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே காலெடுத்து வைத்தால் இருட்டு. இலைக்கட்டுகள் போய்ப் பல வருஷம் ஆகியும் நெடி போகவில்லை. சுவரில் முதுகு சாய்த்தால் சட்டையில் ஏறிக்கொள்ளும்; நாக்கில் ஒரு கசப்பு தங்கும்; தொண்டை தானாகக் கமறும். பிரபு நாலு லைட்டைப் போட்டு, பின்னால் நீலத் துணியைத் தொங்கவிட்டு அதை ஸ்டுடியோ என்று சொல்லிவந்தான்.

அன்று போட்டியாளர் ஒருவர் குறைந்தார். சுப்புத்தாய் வரவில்லை.

"அய்யலூர்ச் சந்தைக்குப் போயிருச்சாம் மாஸ்டர். ரெண்டு கிடாய விக்கணுமாம். டிவியெல்லாம் அடுத்த வாரம் பாத்துக்கலாங்குது," என்றான் பிரபு.

"நாலு பேர வச்சு எப்படிப்பா?"

"நீங்க மாமன்னர்ல? எதயாச்சும் அடிச்சு விடுங்க."

மாமன்னர் அடித்துவிட்டார். நாலு பேரையும் தூங்கவைத்த பின் காலி நாற்காலியின் முன்னால் போய் நின்று கேமராவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நேயர்களே! இந்த நாற்காலி காலியாக இருப்பதாக நினைக்கிறீர்கள். இல்லை! கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஆன்மா இங்கே அமர்ந்திருக்கிறது. இன்று அதையும் என் கட்டுக்குள் கொண்டுவருகிறேன்." நாற்காலியை நோக்கிக் கையை நீட்டினார். "உட்கார். நான் சொல்லும்வரை எழுந்திருக்கக் கூடாது."

நாற்காலி கிறீச்சிட்டது.

பழைய நாற்காலி, கிறீச்சிடும்தான். பிரபு கேமராவுக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். பிறகு வெங்காயம், தாலாட்டு, வலது கையைத் தூக்கு, இடது கையைத் தூக்கு என்று எல்லாம் நடந்தது. முடிவில் இருதயநாதன் நாலு பேரின் நெற்றியையும் தொட்டு, வராத சொடக்கைப் போட்டு, ஒவ்வொருவராக எழுப்பினார்.

காலி நாற்காலியை எழுப்ப வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

எல்லோரும் போன பின், காலியாக நின்ற தன் நாற்காலியை மடிக்கப் போனார். மடங்கவில்லை. முட்டியால் அழுத்திப் பார்த்தார். தூக்கிப் பார்த்தார். நாலு கால்களும் தரையோடு முளைத்தது போல நின்றன. மத்தியானம் ஒரு கையால் தூக்கி வந்த நாற்காலி.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சரக்.

காய்ந்த எதையோ நீளமாகக் கிழிப்பது போல. கொஞ்சம் நிறுத்தி மறுபடி. சரக். நிதானமாக, அவசரமே இல்லாமல். நீலத் துணிக்குப் பின்னால் எலி என்று நினைத்து எட்டிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது.

சரக்.

சத்தம் நாற்காலியிலிருந்து வந்தது.

"மாஸ்டர், பூட்டப் போறேன், வாரீகளா இல்லியா?" என்று வாசலில் பிரபு கத்தினான். இருதயநாதன் கோட்டைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்துவிட்டார். அந்த வாரம் முழுக்க மெஸ்ஸில் சாப்பிட்டார்.

அடுத்த வியாழன் சுப்புத்தாய் வந்துவிட்டாள். கிடாய் நல்ல விலைக்குப் போன தெம்பில், இருந்த புடவைகளிலேயே பளபளப்பானதைக் கட்டியிருந்தாள். அவளுக்காகப் போட்டு, அவள் வராததால் மிஞ்சிய அந்த நாற்காலி போன வாரம் நின்ற இடத்திலேயே நின்றது. போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாள்.

"சேரு சுடுதுங்கய்யா. யாரோ இம்புட்டு நேரம் உக்காந்திருந்த கணக்கா இருக்கு."

"லைட் சூடு அது. உக்காரும்மா," என்றான் பிரபு.

மறுபடி உட்கார்ந்தாள். முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல வடிந்தது. இந்த முறை மிக மெதுவாக எழுந்தாள். இருதயநாதன் பக்கத்தில் வந்து, யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்பது போலச் சொன்னாள்.

"மாஸ்டரய்யா, அது சேரு மாதிரி இல்ல. யாரோ மடியில உக்காந்த மாதிரி இருக்கு."

குக்கர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கிடைக்கவிருந்த குக்கரை வேண்டாமென்று ஒருத்தி போனதைப் பார்த்த மற்ற நாலு பேருக்கும் ஒவ்வொரு அவசர வேலை ஞாபகம் வந்தது.

பிரபு மட்டும் அசரவில்லை. "விடுங்க மாஸ்டர். போன வாரத்து எபெக்டு ஒண்ணு போதும், ஊரே பேசுது. எப்படிப் பண்ணுனீங்கன்னு எனக்கே புரியல." லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். திரையில் மாமன்னர், 'வலது கையைத் தூக்குங்கள்' என்றார். நாலு பேர் கையைத் தூக்கினார்கள்.

நீலத் துணியில் ஐந்து கைகளின் நிழல் எழுந்தது.

'இறக்குங்கள்.' நாலு இறங்கின. ஐந்தாவது ஒரு கணம் தயங்கி, அவர் முகத்தைப் பார்த்து இறங்குவது போல, இறங்கியது.

இருதயநாதனுக்கு முதுகு சில்லிட்டது. இதைச் சொல்ல அவருக்கு இன்றும் வெட்கம்: சில்லிட்ட அதே நொடியில் நெஞ்சின் ஒரு மூலை குளிரவும் செய்தது. ஒருவர் கேட்டிருக்கிறார். நடிக்காமல் கேட்டிருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் குடோன்காரர் அப்துல் ஹக்கீம் வந்தார். இடத்தை விற்றாகிவிட்டது, கல்யாண மண்டபம் வரப்போகிறது, திங்கட்கிழமை ஜேசிபி வரும், சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவே வந்தார். சொல்லி முடித்தவரின் கண் அந்த நாற்காலியில் நின்றது.

"அத ஏன் அங்கன போட்டீங்க?"

"ஏன் பாய்?"

ஹக்கீம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்க அத்தா காலத்துக் கதை. பொம்பளைங்க வரிசையா உக்காந்து புகையில நரம்பு உரிப்பாங்க. மேஸ்திரி 'எந்திரிங்க'ன்னு சொல்ற வரைக்கும் ஒருத்தி அசையக் கூடாது. அசைஞ்சா மறுநாள் வேல கெடையாது. ஒரு பொங்கலுக்கு முந்துன நாளு, மேஸ்திரிக்குப் பிள்ள பொறந்துருக்குன்னு ஆள் வந்துச்சு. மனுசன் சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டாரு. பழைய ஆளுங்க ஒவ்வொண்ணா நழுவிட்டாங்க. புதுசா வந்த பொண்ணு ஒண்ணு மட்டும் அந்த மூலையில உக்காந்திருந்திருக்கு. வாச்மேனு பாக்காமப் பூட்டிட்டான். பொங்க லீவு முடிஞ்சு தெறந்தா..."

"கத்தியிருக்குமே பாய்?"

"கத்துனா ரோட்டுக்குக் கேக்கும். கத்தல. கதவு வரைக்கும்கூட வரல." ஹக்கீம் நாற்காலியைப் பார்க்காமல் சொன்னார். "பக்கத்துல இருந்த மூட்ட அம்புட்டையும் உரிச்சு முடிச்சு அடுக்கி வச்சிருந்துச்சாம். யாரும் எந்திரின்னு சொல்லல, அதனால எந்திரிக்கல."

"பேரு?"

"யாருக்கு ஞாபகம் இருக்கு, மாஸ்டர்?"

சனிக்கிழமை மத்தியானம் இருதயநாதன் தனியாக வந்தார். கோட்டை ஏன் மாட்டிக்கொண்டு வந்தோம் என்று வாசலில்தான் யோசித்தார். பிரபு லைட்டையும் துணியையும் அள்ளிப்போயிருந்தான். மின்சாரத்தைத் துண்டித்திருந்தார்கள். கூரையில் ஓர் ஓடு உடைந்த ஓட்டை வழியே கைக்குட்டை அளவு வெயில் விழுந்தது. அது விழுந்த இடத்தைத் தவிர வேறு எதற்கும் உதவவில்லை.

நெடி கண்ணை எரித்தது. பழைய நெடி இல்லை. இன்று காலையில்தான் கட்டுப் பிரித்தது போலப் புதிய நெடி.

சரக்.

சரக்.

அவர் கிட்டே போனதும் சத்தம் நின்றது.

யாரோ நிமிர்ந்து பார்த்தார்கள். எப்படித் தெரிந்தது என்றால் சொல்லத் தெரியாது. வகுப்பில் ஒரு பையன்கூட அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"எழுந்திரு!" என்றார், டிவிக் குரலில். சொடக்குப் போட்டார். காய்ந்த தோல் தோலோடு உரசியதுதான் மிச்சம். "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்தார்; அதுவும் டிவிக் குரலிலேயே வந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். உள்ளே வெறும் இருதயநாதன்தான் இருந்தார்.

"எந்திரிம்மா," என்றார். "வேல முடிஞ்சுருச்சு. மேஸ்திரி மறந்துட்டாரு. நானும் மறந்துட்டேன்."

நாற்காலி நீளமாகக் கிறீச்சிட்டது. ஒரு பாரம் இறங்கிய சத்தம்.

அவர் முகத்துக்கு நேராக, மிக அருகில், காற்று குளிர்ந்தது. புகையிலை நெடியடிக்கும் ஒரு மூச்சு.

"எங்கய்யா போறது?"

அவர் ஓடினார். மேஜையில் மோதி, கதவில் இடித்து, செருப்பு ஒன்றை உள்ளேயே விட்டு, ஓடி வந்து வெயிலில் நின்றார். ரோட்டில் வத்தலக்குண்டு பஸ் போனது. இளநீர்க்காரன் ஒருவன் காயைச் சீவிக்கொண்டிருந்தான். உலகம் அதன்பாட்டுக்கு இருந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

திருகியவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை ஜேசிபி வரும். அது யாரையும் எந்திரி என்று சொல்லாது. அப்புறம் மண்டபம், மேளம், பந்தி. அத்தனை கூட்டத்தின் நடுவில் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். எங்கே போவது? அந்தக் கேள்வி அவருக்குப் புதிதில்லை. தினமும் சாயங்காலம் போனை வைத்த பிறகு, நாகல்நகர் மாடியில், அவரும் அதைத்தான் கேட்டுக்கொள்வார். யாரும் பதில் சொன்னதில்லை.

உள்ளே போனார். நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. போக இடம் தெரியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"வா," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "வீட்டுக்குப் போகலாம்."

நாற்காலி அன்றும் மடங்கவில்லை. ஆனால் தூக்கினால் வந்தது. விரித்தபடியே கேரியரில் வைத்துக் கயிற்றால் கட்டினார். பின் சக்கரம் அமுங்கியது. இளநீர்க்காரன் பார்த்துவிட்டு, "அண்ணே, டயர்ல காத்து இல்ல போல," என்றான்.

"இருக்குப்பா. எல்லாம் இருக்கு."

மேம்பாலம் ஏறும்போது வண்டி முனகியது. திருப்பத்தில், பழக்கதோஷத்தில், "பிடிச்சுக்க," என்றார். புஷ்பமேரி பின்னால் உட்கார்ந்த காலத்துப் பழக்கம்.

சட்டையை, இடுப்புக்கு மேலே, ஏதோ பிடித்துக்கொண்டது.

வீடு வரும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மண்டபத்துக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டார்கள். நிகழ்ச்சி நின்றுவிட்டது, பிரபு இப்போது ஒட்டன்சத்திரத்துக் காய்கறி விலை நிலவரம் ஒளிபரப்புகிறான், அதற்குத்தான் விளம்பரம் வருகிறதாம். இருதயநாதன் சாயங்காலங்களில் பேசுகிறார். பள்ளிக்கூடத்தைப் பற்றி, யாரும் வரையாத யானையைப் பற்றி, ஓசூரைப் பற்றி. மேஜைக்கு எதிரே நாற்காலியிலிருந்து சரக், சரக் என்று சத்தம் வந்துகொண்டிருக்கும். அவர் பேச்சு முக்கியமான இடத்துக்கு வரும்போது அது நின்று கேட்கும். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. லைட்டை அணைத்த பிறகு கட்டிலில் சுவர்ப்பக்கமாகத் திரும்பித்தான் படுக்கிறார்.

போன வாரம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது புஷ்பமேரி திடீரென்று குழாயை மூடினார்.

"அங்க யாருங்க?"

"யாருமில்லயே."

"என்னமோ உரிக்கிற சத்தம் கேக்குது. வெங்காயம் உரிக்கிறீங்களா?"

அத்தனை வருஷத்தில் அவர் பேச்சுக்கு நடுவே புஷ்பமேரி கேட்ட முதல் கேள்வி அது. இருதயநாதன் எதிரே பார்த்தார்.

"ஆமா," என்றார். "வெங்காயந்தான்."

ஒருநாள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டும் பார்த்தார்: "செத்த நேரம் எந்திரிச்சா நான் உக்காந்து சாப்ட்டுக்குவேன்." உரிக்கிற சத்தம் நின்றது. நாற்காலி கிறீச்சிடவில்லை. கொஞ்சம் பொறுத்து, சத்தம் மறுபடி ஆரம்பித்தது. மறுநாள் கடைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிவந்து மேஜைக்கு இந்தப் பக்கம் போட்டார். உட்காரும் முன் கையை வைத்துப் பார்த்தார்.

அதுவும் சூடாக இருந்தது.

கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்ற சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. உலகத்தில் ஏழே பேரில் ஒருவரான இருதயநாதன், தன் வீட்டில் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறார்.